பையனுக்கு ஐந்து வெள்ளி வரை

ஆறு மாதமாக ஒரு கேள்வி என்னை விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்டவர் என் தாய்மாமா. வயது 72. பிளாக்செயின் (பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் பொதுக் கணக்கேடு) என்ற சொல்லையே என் வாயிலிருந்துதான் முதலில் கேட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரின் செங்காங்கில் அவர் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்தபிறகு, என் கைப்பேசியை மூக்குக்கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஏம்மா, நான் குடுக்க வேண்டியது இருநூத்தம்பது. இது என்ன இவ்வளவு நீள நம்பர்?" நான் யோசிக்காமல் சொன்னேன்: "அது சும்மா மாமா, ஓகே அழுத்துங்க." அவர் அழுத்தவில்லை. கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டார். நான் சொன்ன அந்தச் "சும்மா"தான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

நான் ஒன்-நார்த் பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சிறு வணிகர்கள், வெளிநாட்டிலிருந்து சரக்கு அனுப்புகிறவர்களுக்கு அமெரிக்க டாலருக்கு இணையான யுஎஸ்டிசி, சிங்கப்பூர் டாலருக்கு (எங்கள் பேச்சில் வெள்ளி) இணையான எக்ஸ்எஸ்ஜிடி மாதிரியான டோக்கன்களில் (மின்னணுக் காசுகளில்) பணம் செலுத்துவதற்கு ஒரு செயலி செய்கிறோம். கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் தானாக ஓடும் நிரல், எழுதுகிறவர்கள் வேறு இருவர். அதோடு பேசுகிற செயலி நிரல் என் பொறுப்பு. பயனர் ஒரு பட்டனை அழுத்தினால் எந்தக் கான்ட்ராக்டை, எந்த வரிசையில், என்ன எண்ணோடு அழைப்பது என்பதை முடிவு செய்வது நான் எழுதும் வரிகள்தான். மாமா தோ பாயோவில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில் 30 வருடம் மளிகைக் கடை நடத்தியவர். கடையை மூடிய பிறகு, இந்தோனேசியாவிலிருந்து கிராம்பும் ஜாதிக்காயும் இறக்குகிற என் அண்ணனுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். எங்கள் செயலி யாருக்காகவோ அந்த ஆள் அப்படியே இவர்தான். அதனால் செபோலியா என்ற சோதனை பிளாக்செயின் தொடரில், மதிப்பில்லாத காசைப் போட்டுக் கொடுத்து, "ஒருதடவை பணம் அனுப்பிப் பாருங்க மாமா" என்றேன். அவர் 250 என்று தட்டினார். வாலட் (பணப்பைச் செயலி) எழும்பி வந்து அனுமதி கேட்டது. அந்த அனுமதியில் இருந்த தொகை, திரையில் நான்கு வரிக்கு மடங்கி நின்றது.

அந்த எண்ணை நான் நன்றாகவே அறிவேன். இரண்டின் 256-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது. 1157920892 என்று தொடங்கி 78 இலக்கம் போகும். யுஎஸ்டிசிக்கு 6 தசம இடம் என்பதால் புள்ளிக்கு முன்னால் 72 இலக்கம் நிற்கும். உலகத்தில் உள்ள அத்தனை யுஎஸ்டிசியையும் கூட்டினாலும் அந்த எண்ணின் ஓரத்தைக்கூடத் தொடாது. அதன் பொருள் ஒன்றுதான்: உன் கணக்கிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் இந்தக் கான்ட்ராக்ட் எடுத்துக்கொள்ளலாம். அந்த வரியை எழுதியது நான். நிரல் நூலகத்தில் அதற்கென்றே ஒரு மாறிலி இருக்கிறது, பெயரைத் தட்டினால் வந்துவிடும். எழுதும்போது ஒரு நொடிகூட என் கை நிற்கவில்லை.

555 புத்தகம்

மாமா கைப்பேசியை வைத்துவிட்டு, "கடையில மூணு அஞ்சு புத்தகம் வெச்சிருந்தோமே, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. அட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு. இங்கேயும் மலேசியாவிலும் ஒரு காலத்தில் மளிகைக் கடைக் கடன் கணக்கெல்லாம் அதில்தான் ஓடியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு நோட்டு. வாங்கினதை எழுதிக்கொண்டே வருவார்கள், சம்பளம் வந்ததும் வந்து கட்டுவார்கள். பெரியவர்கள் வேலைக்குப் போய்விடுவதால் சாமான் வாங்கப் பிள்ளைகள்தான் நோட்டோடு வரும். "அவங்கப்பா பின்னட்டையில எழுதிக் குடுத்துருவாரு," என்றார் மாமா. "பையனுக்கு அஞ்சு வெள்ளி வரைக்கும். சின்னவளுக்கு ரெண்டு வெள்ளி வரைக்கும். அதுக்கு மேல கேட்டா நான் குடுக்க மாட்டேன். பையன் கெட்டவன்னு இல்ல. நல்ல பையன்தான். ஆனா வழியில அவன் கையிலேர்ந்து யாராவது புத்தகத்தைப் பிடுங்கிட்டா?"

நான் சொன்னேன், எங்கள் கான்ட்ராக்ட் அப்படி எடுக்காது, வெளியாட்களிடம் கொடுத்துத் தணிக்கை செய்திருக்கிறோம், கேட்ட தொகைக்கு மேல் ஒரு காசு நகராது என்று. அவர் தலையாட்டினார். சந்தேகப்படுகிற முகம் இல்லை அது. அப்புறம்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். "முப்பது வருஷத்துல ஒரே ஒருத்தர், எவ்வளவு வேணாலும் குடுங்கன்னு எழுதிக் குடுத்தாரு. எம்மேல அவ்வளவு நம்பிக்கை. நான் வாங்கல. ஒரு தொகை போட்டுக் குடுங்கண்ணேன்னு திருப்பி அனுப்பிட்டேன். நாளைக்கு கடையில ஏதாவது ஒண்ணு ஆனா, அந்தக் கணக்கும் எந்தலையிலதானே விழும்?"

நான் அதுவரை இந்தப் பிரச்சினையைப் பயனர் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பயனர் கவனமாகப் படிக்க வேண்டும், பயனர் தேவையில்லாத அனுமதிகளை அவ்வப்போது ரத்து செய்ய வேண்டும் என்றுதான் இந்தத் துறையில் எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் பக்கம் பக்கமாக உதவிக் குறிப்பு எழுதியிருக்கிறேன். கடைக்காரர் திருப்பி அனுப்பலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அதிகாரத்தை வாங்குகிற இடத்தில் இருப்பவன், தனக்கு வேண்டியதற்கு மேல் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அந்த வாங்குகிற கை என் நிரல். இங்கே யாரும் நம்பி எழுதிக் கொடுக்கவும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் என்பதை நானே எழுதி, அவர்கள் முன்னால் நீட்டி, கையெழுத்து மட்டும் போடு என்கிறேன்.

அந்த எண் எப்படி வழக்கமானது

எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்குக் காரணம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு அப்ரூவும் (அனுமதி கொடுக்கும் அழைப்பு) தனிப் பரிவர்த்தனை, அதற்குத் தனிக் கட்டணம். ஏறக்குறைய 50,000 கேஸ் (தொடரில் ஒரு வேலைக்கான கூலியை அளக்கும் அலகு) பிடிக்கும். 2021-இல் கேஸ் விலை 100 குவெய் (ஒரு குவெய் என்பது ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு) தாண்டிய நாட்களில் ஓர் அப்ரூவுக்கே 0.005 ஈதர் (எத்திரியம் பிளாக்செயினின் காசு) போனது. அன்றைய விலையில் பத்துப் பதினைந்து அமெரிக்க டாலர். ஒவ்வொரு முறையும் அதைக் கட்டு என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஒருமுறை எல்லையில்லாமல் வாங்கி வைத்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை. கான்ட்ராக்டுகளும் அதற்கு ஒத்துப்போயின. அனுமதி அந்த உச்ச எண்ணாக இருந்தால், யுஎஸ்டிடி, டபிள்யூஈத் போன்ற டோக்கன்கள் டிரான்ஸ்ஃபர்ஃபிரம் (அனுமதியை வைத்துப் பணம் எடுப்பது) நடக்கும்போது அதைக் கழிப்பதே இல்லை. எடுக்க எடுக்கக் குறையாது. ஓப்பன்செப்பலின் என்ற, பலரும் பயன்படுத்தும் கான்ட்ராக்ட் நூலகமும் பின்னாளில் இதே வழிக்கு வந்தது. கேஸ் மிச்சம் என்ற அளவில் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் பணம் அனுப்பி முடித்து, செயலியை அழித்து, நாலு வருடம் கழிந்த பிறகும் அந்த வாசல் திறந்தே கிடக்கும்.

திறந்த வாசல் வழியே என்ன நடக்கும் என்பதற்கு மாமாவின் "புத்தகத்தைப் பிடுங்கிட்டா" என்ற கேள்வியே போதும். 2021 டிசம்பரில் பேட்ஜர்டாவோ என்ற கிரிப்டோ சேவையில் சுமார் 120 மில்லியன் அமெரிக்க டாலர் போனது. அங்கே கான்ட்ராக்டில் ஓட்டை இல்லை. இணையப் பக்கத்தின் நிரலுக்குள் யாரோ ஒரு துண்டைச் செருகி, பயனர்களிடம் தங்கள் முகவரிக்கு அனுமதி கேட்க வைத்தார்கள். நான் எழுதுகிற அதே வகை நிரல், நான் கேட்கிற அதே வகை அனுமதி. எந்தச் செயலியும் நியாயமான தொகைக்கு மேல் கேட்காது என்பது ஊர் வழக்கமாக இருந்திருந்தால், ஒரு சிலராவது நின்று பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பெரிய எண்ணுக்கு ஓகே அழுத்துவதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பழக்கப்படுத்தி வைத்திருந்தோம்.

2024 ஜூலையில், தொடர்களுக்கிடையே டோக்கன் மாற்றும் லைஃபை என்ற சேவையில் நடந்தது இன்னும் நெருக்கமானது. புதிதாகச் சேர்த்த ஒரு பகுதியில் ஒரே ஒரு சோதனை விட்டுப்போயிருந்தது. அந்த வழியாக வந்தவர்கள் அந்தக் கான்ட்ராக்டுக்குக் கிடைத்திருந்த அனுமதிகளைப் பயன்படுத்தி 10 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் எடுத்தார்கள். எல்லையில்லா அனுமதி கொடுத்து வைத்திருந்த வாலட்டுகள்தான் பாதிக்கப்பட்டன. தேவையான தொகைக்கு மட்டும் அனுமதி கொடுத்தவர்களிடமிருந்து எடுக்க எதுவும் மிச்சமில்லை. பையன் நல்லவன். புத்தகம்தான் வேறொருவர் கைக்குப் போனது. இதை அன்று இரவு எம்ஆர்டி ரயிலில் திரும்பி வரும்போது மறுபடி படித்தேன். முன்பே படித்த செய்திதான். முன்பு படித்தபோது எனக்குச் சம்பந்தமில்லாத ஏதோ கான்ட்ராக்ட் பிழை என்று கடந்துவிட்டிருந்தேன்.

மாற்றி எழுதியது

மறுநாள் அந்த மாறிலியை அழித்தேன். அழிக்க ஒரு நிமிடம். அதற்குப் பதிலாகச் சரியான தொகையைக் கேட்க வைப்பதற்கு மூன்று வாரம் ஆனது. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் "சரியான தொகை மட்டும் கேள்" என்று சொல்வதோடு நின்றுவிடுகிற அறிவுரைகள்தான் எங்கும் கிடைக்கின்றன.

எல்லையில்லாத எண்ணின் இன்னொரு வசதி, அது கணக்குப் பிழைகளை மூடி வைக்கும். அதை எடுத்ததும் அத்தனையும் வெளியே வந்தன. முதலாவது தசம இடங்கள். கான்ட்ராக்டுக்கு வெள்ளி தெரியாது, காசுதான் தெரியும். அது முழு எண்களில் மட்டுமே கணக்கு வைக்கும், ஒரு வெள்ளிக்கு எத்தனை காசு என்பது டோக்கனுக்கு டோக்கன் மாறும். எக்ஸ்எஸ்ஜிடிக்கும் யுஎஸ்டிசிக்கும் 6 தசம இடம், டாய் என்ற டோக்கனுக்கு 18. பெயர் ஒன்றாக இருந்தாலும் நம்ப முடியாது: யுஎஸ்டிடிக்கு எத்திரியத்தில் 6, பிஎன்பி என்ற வேறொரு தொடரில் 18. எங்கள் நிரலில் ஓரிடத்தில் 18 என்று கையால் எழுதி வைத்திருந்தது யாருக்கும் தெரியாமலே கிடந்தது. இப்போது டோக்கன் கான்ட்ராக்டையே கேட்டுத் தெரிந்துகொண்டு, எதிர்பார்த்த எண்ணோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த படிக்குப் போகிறோம். பயனர் தட்டிய தொகையை எழுத்துச் சரமாகவே வைத்திருந்து, பிக்இன்ட் என்ற எவ்வளவு பெரிதானாலும் பிசகாத முழு எண்ணாக மாற்றுகிறோம். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் சாதாரண எண் 9,007,199,254,740,991 வரைக்கும்தான் துல்லியம். கேட்கப் பெரிதாக இருக்கும். 18 தசம இடமுள்ள டோக்கனில் அது 0.009-ஐச் சற்றே தாண்டும் தொகைதான்.

இரண்டாவது பிழை எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. முதன்மைத் தொடரின் (உண்மைப் பணம் ஓடும் தொடரின்) நகல் ஒன்றை என் கணினியில் ஓடவிட்டு யுஎஸ்டிடியில் சோதித்துக்கொண்டிருந்தேன். முதல் முறை பணம் போனது. அதே வாலட்டிலிருந்து இரண்டாம் முறை அப்ரூவே தோற்றது. காரணம் தேடி ஒரு நாள் போயிற்று. எங்கள் சேவைக் கட்டணத்தைக் கணக்கிடும்போது செயலி மேல்நோக்கி முழுமையாக்கியது, கான்ட்ராக்ட் கீழ்நோக்கி முழுமையாக்கியது. வித்தியாசம், கடைசித் தசம இடத்தில் ஒன்று. அந்த ஒன்று அனுமதியில் மிச்சமாக நின்றுவிட்டது. யுஎஸ்டிடி கான்ட்ராக்டின் விதிப்படி, அனுமதி பூஜ்யமாக இல்லாதபோது அதை வேறொரு பூஜ்யமல்லாத எண்ணாக மாற்ற முடியாது. முதலில் பூஜ்யமாக்கிவிட்டு வரவேண்டும். இந்த விதிக்குக் காரணமும் உண்டு. அனுமதியை 100-இலிருந்து 50-ஆக மாற்றப்போகும் இடைவெளியில், பெறுகிறவர் முந்திக்கொண்டு பழைய 100-ஐயும் பிறகு புதிய 50-ஐயும் எடுத்துவிடலாம் என்பதை 2016-லேயே சுட்டிக்காட்டியிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டு. சிங்கப்பூரில் ஒரு காசு நாணயம் வெளியிடுவதை 2002-இல் நிறுத்திய பிறகு கடையில் ரொக்கத்தை அருகிலுள்ள ஐந்து காசுக்கு முழுமையாக்கி, மிச்சத்தை யாரும் நினைப்பதில்லை. இங்கே ஒரு வெள்ளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மிச்சமிருந்தாலும் அடுத்த பரிவர்த்தனை நின்றுவிடும். பிழை எங்கள் நிரலில்தான். எல்லையில்லா அனுமதி அதை இத்தனை நாள் தெரியாமல் வைத்திருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்டிடியின் அப்ரூவும் டிரான்ஸ்ஃபரும் ஆம், இல்லை என்று எந்த மதிப்பையும் திருப்பித் தராது. இஆர்சி-20 என்ற பொதுவான டோக்கன் தரத்தின் விவரக்குறிப்பை அப்படியே வைத்து முன்கூட்டி ஒத்திகை பார்த்தால், நூலகம் வெற்றுப் பதிலைப் படிக்க முடியாமல் பிழை என்று சொல்லும். அதற்குத் தனி விவரக்குறிப்பு வைத்தோம். அப்ரூவ் உறுதியாகி ரசீது வந்த உடனே அடுத்த அழைப்பை அனுப்பினால், அது போய்ச் சேர்கிற முனை (தொடரின் ஒரு கணினி) இன்னும் ஒரு பிளாக் பின்தங்கி இருந்து, "அனுமதி போதாது" என்று திருப்பி விடலாம். அலவன்ஸை (நிற்கும் அனுமதித் தொகையை) மறுபடி படித்து, எண் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே நகர்கிறோம். இவையெல்லாம் சேர்ந்து, முன்பு 12 வரியாக இருந்த கோப்பு 200 வரியைத் தாண்டிவிட்டது.

எதிர்வாதம்

குழுவில் எல்லோரும் சம்மதிக்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் நேராகவே சொன்னார்: ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை ஓகே அழுத்தச் சொன்னால் ஆட்கள் பாதியில் போய்விடுவார்கள், அதோடு கேட்டுக்கேட்டு அலுத்துப்போனவர்கள் எதையும் படிக்காமல் அழுத்துவார்கள், அதுவும் ஆபத்துதான் என்று. இரண்டாவது பகுதியை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. உண்மைதான். ஆனால் சூழ்நிலை மாறியிருக்கிறது. 2024 மார்ச்சில் எத்திரியத்தின் டென்கன் மேம்படுத்தல் வந்த பிறகு இரண்டாம் அடுக்குத் தொடர்களில் (எத்திரியத்தின் மேல் மலிவாக ஓடுபவை) ஓர் அப்ரூவுக்குச் சில காசுகூட ஆவதில்லை. 2025 மே மாதம் பெக்ட்ரா என்ற அடுத்த மேம்படுத்தலோடு வந்த வசதியால், ஆதரவுள்ள வாலட்டுகளில் அனுமதியையும் செலுத்துதலையும் ஒன்றாகக் கட்டி ஒரே தடவையில் அனுப்பலாம். யுஎஸ்டிசி மாதிரி பெர்மிட் என்ற வசதி உள்ள டோக்கன்களில் அனுமதிக்குக் கட்டணமே இல்லாமல் கையொப்பம் போதும். கையொப்பம் என்பது பார்க்கச் சாதுவாக இருப்பதால் அதை வைத்து ஏமாற்றுகிறவர்களும் நிறைய என்பதையும் சொல்ல வேண்டும். கேஸ் செலவு என்ற பழைய காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் மிச்சம் இருக்கிறது என்பது என் வாதம்.

கடைசியில் ஒரு நடுவழிக்கு வந்தோம். மாதா மாதம் ஒரே ஆளுக்குப் பணம் அனுப்புகிற வணிகர், தானே ஒரு வரம்பு எழுதலாம். கணக்கிலிருந்து தானாகப் பணம் கழிக்கும் ஜைரோவில் வங்கிக்கு வரம்பு சொல்லி வைப்பதுபோல. பெட்டி காலியாகத்தான் திறக்கும், நாங்கள் எந்த எண்ணையும் முன்கூட்டி நிரப்பி வைப்பதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் என்ற தேர்வே அங்கே கிடையாது. அதைச் சேர்க்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு தொகை போட்டுக் கொடுங்கள் என்று பதில் எழுதினேன்.

போன வாரம்

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி செங்காங் போயிருந்தேன். மாமா 250 தட்டினார். வாலட் எழும்பியது. 250.875 என்று இருந்தது. "இந்த எண்பத்தேழரைக் காசு?" என்றார். கட்டணம் என்றேன். மேலே உள்ள முகவரியின் கடைசி நான்கு எழுத்தை, நான் தாளில் எழுதிக் கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகுதான் அழுத்தினார். அடுத்த திரை வந்ததும் விரலை எடுத்துக்கொண்டு, "இப்போ நான் அனுமதி குடுத்துட்டேன். பணம் அனுப்பாம இப்படியே மூடிட்டுப் போயிட்டா, இந்த அனுமதிக்கு எத்தனை நாள் கெடு?" என்று கேட்டார்.

கெடு இல்லை. 2015 நவம்பரில் ஃபேபியன் ஃபோகல்ஸ்டெல்லரும் விட்டாலிக் புடெரினும் முன்வைத்த அந்த இஆர்சி-20 தரத்தில் அப்ரூவுக்கு இரண்டே விவரங்கள்தான்: யாருக்கு, எவ்வளவு. எதுவரை என்பதற்கு இடமில்லை. பெர்மிட்டில் கெடு என்று ஒன்று வரும், ஆனால் அது அந்தக் கையொப்பத்தைப் பயன்படுத்துவதற்கான கெடு, அனுமதிக்கானது அல்ல. யூனிஸ்வாப் என்ற டோக்கன் பரிமாற்றச் சேவை 2022-இல் கொண்டுவந்த பெர்மிட்2-இல் அனுமதிக்கே கெடு வைக்கலாம், ஆனால் அதற்கு முதலில் டோக்கனை அந்தப் பெர்மிட்2 கான்ட்ராக்டுக்கு அனுமதிக்க வேண்டும், அதையும் பெரும்பாலும் எல்லையில்லாமல்தான் கேட்கிறார்கள். இதில் பாதியை மாமாவிடம் சொன்னேன். இம்முறை "சும்மா" என்று சொல்லவில்லை.

"மூணு அஞ்சு புத்தகம் மாசக் கடைசியில கோடு போட்டு முடிஞ்சிடும்," என்றார். "இதுல கோடு யாரு போடுவா?"

நாம்தான் போட வேண்டும் மாமா, ரத்து செய்ய இன்னொரு பரிவர்த்தனை என்றேன். "அப்போ அதை அந்த இடத்துலயே எழுதி வையேன்," என்றார். திங்கட்கிழமை எழுதி வைத்தேன். அனுமதி கொடுத்து ஏழு நாளாகியும் பணம் போகாமல் இருந்தால் செயலியைத் திறந்ததும் மேலேயே தெரியும்: "இந்த அனுமதி இன்னும் நிற்கிறது. தொகை 250.875. தானாக முடியாது." பக்கத்தில் ரத்து செய்ய ஒரு பட்டன்.